புழுங்கல் அரிசியும் பி வகை உயிர்ச்சத்துகளும்

(திருவிழாவையொட்டி ஆலய மண்டபத்தில் நடைபெற்ற உடல்நல நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



1905ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 5ஆம் நாள். கோலாலம்பூரில் இருந்த மனநோயாளர் மருத்துவமனையில் நோயாளிகள் அனைவரும் உணவுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தப்பட்டு, இடப்பக்கத்திலிருந்து எண்ணப்பட்டனர். ஒற்றை எண் பெற்றோர் முற்றத்தின் கிழக்குப் பக்கத்துக் கட்டடத்திற்கும், இரட்டை எண் பெற்றோர் மேற்குப் பக்கத்துக் கட்டடத்திற்கும் அனுப்பப்பட்டனர். கறி, மீன், காய் எல்லாம் இரு பக்கத்தார்க்கும் ஒன்றே. சோறு மட்டும் வேறு. கிழக்குப் பக்கத்தார் முன்போலவே சயாமிலிருந்து வந்த வெள்ளை அரிசிச் சோற்றை உண்டனர். மேற்குப் பக்கத்தார்க்கு இந்தியப் புழுங்கல் அரிசிச் சோறு படைக்கப்பட்டது.

இந்த ஏற்பாட்டைச் செய்தவர் வில்லியம் பிளெட்சர் என்னும் மருத்துவர். 1906ஆம் ஆண்டு இறுதிவரை இது நடைபெற்றது. புதிதாக வந்து சேர்ந்தோரும் இரு பக்கத்திலும் பகிர்ந்து சேர்க்கப்பட்டனர். ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தபோது வெள்ளை அரிசி உண்ட 120 பேருள் 34 பேர் பெரி பெரி நோய்க்கு ஆளாகியிருந்தனர். அவர்களுள் 18 பேர் இறந்துவிட்டனர். புழுங்கல் அரிசி உண்ட 123 பேருள் இருவருக்கே அந்நோய் காணப்பட்டது. அவ்விருவரும் மருத்துவமனைக்குள் வரும்போதே நோயுடன் வந்தவர்கள். இறந்தவர் ஒருவரும் இல்லை.

தம் நிலையைத் தாமே அறியாத மனிதர்களிடம் ஒப்புதல் பெறாமல் நடத்திய சோதனை இது. இன்று இத்தகைய சோதனைக்கு எந்த நாடும் இடம் கொடாது. ஆயினும் அந்தப் பதினெட்டுப் பேருடைய சாவு உலகுக்கு ஓர் உண்மையைக் காட்டிற்று. பி வகை உயிர்ச்சத்துகள் பற்றிய வரலாற்றில் கோலாலம்பூருக்கு ஓர் இடம் உண்டு என்பதையும், அவ்வரலாற்றின் நடுவில் தோட்டத் தமிழனின் சோற்றுப் பானை இருந்தது என்பதையும் இங்கு வாழும் தமிழருள் பலர் அறியார்.

பெரி பெரி எத்தகைய நோய் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். கால் மரத்துப்போகும். கெண்டைக்கால் தசையை அழுத்தினால் நோகும். குந்தி அமர்ந்தவர் கையூன்றாமல் எழ மாட்டார். சிலருக்கு இவ்வாறு நரம்பு தளர்ந்து உடல் வற்றும். வேறு சிலருக்குக் கால் தொடங்கி வயிறு வரை நீர் கோத்து வீங்கும், நெஞ்சு படபடக்கும், நேற்று நடமாடியவர் இன்று மூச்சு முட்டி மாண்டுபோவார். மலாய் மாநிலங்களில் ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர்களே இந்நோய்க்கு மிகுதியாகப் பலியாயினர். 1900ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தோற்றுவிக்கப்பட்டபோது, அதன் முன் இருந்த முதன்மையான சிக்கல்களுள் பெரி பெரியும் ஒன்று. கழகத்தின் முதல் இயக்குநரான ஹாமில்டன் ரைட் இது கிருமியால் தொற்றும் நோய் என்றே நம்பினார். அக்காலத்தில் அப்படி நம்பியதில் வியப்பில்லை. மலேரியாவுக்கு ஒட்டுண்ணி, காலராவுக்குக் கிருமி என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கப்பட்டு வந்த காலம் அது. நோய் என்றால் உடலுக்குள் ஏதோ ஒன்று புகுந்திருக்க வேண்டும் என்பதே மருத்துவர்களின் எண்ணமாக இருந்தது.

நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராக இருந்த லியோனார்ட் பிராடன் என்பவர் கிருமியைத் தேடாமல் மனிதர்களைப் பார்த்தார். சீனர், மலாய்க்காரர், தமிழர் ஆகிய மூவினத்தாரும் சோறு உண்பவர்களே. சீனர் மட்டும் ஏன் மடிகின்றனர்? மலாய்க்காரர் தம் வயலில் விளைந்த நெல்லை அவ்வப்போது வீட்டில் குற்றி உண்டனர். தமிழர் புழுங்கல் அரிசி உண்டனர். சீனத் தொழிலாளர்க்குச் சுரங்க முதலாளிகள் ஆலையில் தீட்டிய சயாம் பச்சரிசியைத் தந்தனர். வேறுபாடு அரிசியில்தான் என்று பிராடன் அறுதியிட்டுக் கூறினார். 1907ஆம் ஆண்டில் ஒரு பெரிய நூலும் எழுதினார். ஆனால் காரணம் கூறுமிடத்தில் அவரும் வழுக்கிவிட்டார். தீட்டிய அரிசி நாட்பட்டுக் கெட்டு, அதில் ஒரு நஞ்சு உண்டாகிறது என்பதே அவர் கருத்து. அரிசியைக் கண்டுகொண்டவர், அரிசியில் இல்லாத ஒன்றைக் காணவில்லை.

மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஹென்றி பிரேசர், தாமஸ் ஸ்டாண்டன் ஆகிய இருவரும் இந்த முடிச்சை அவிழ்க்கப் புறப்பட்டனர். நெகிரி செம்பிலான் மாநிலத்து ஜெலெபு வட்டாரத்தில் டுரியான் திபுஸ் என்னும் இடம் அக்காலத்தில் அடர்ந்த காடு. அங்கே சாலை போடுவதற்காகக் கொண்டுவரப்பட்ட ஏறத்தாழ 300 ஜாவானியத் தொழிலாளர்களை 1907ஆம் ஆண்டில் இரு கூட்டமாகப் பிரித்தனர். ஒரு கூட்டத்தார்க்கு வெள்ளை அரிசி. மற்றொரு கூட்டத்தார்க்குப் புழுங்கல் அரிசி. சில மாதங்களுக்குள் வெள்ளை அரிசிக் கூட்டத்தில் பெரி பெரி தலைகாட்டியது. அரிசியை மாற்றியதும் நின்றது. நோயுற்றவர்களைப் புழுங்கல் அரிசிக் கூட்டத்தாரோடு தங்க வைத்துப் பார்த்தனர், ஒருவருக்கும் தொற்றவில்லை. பின்னர் கூட்டங்களுக்கு அரிசியை மாற்றிக் கொடுத்தபோது நோயும் இடம் மாறியது. கிருமி என்ற பேச்சு அங்கேயே முடிந்தது. தொடர்ந்து கோழிகளை வைத்துச் செய்த சோதனைகளில், ஆலையில் கழித்துத் தள்ளப்படும் தவிட்டை வெள்ளை அரிசியோடு சேர்த்துக் கொடுத்தால் நோய் வருவதில்லை என்று கண்டனர். வெள்ளை அரிசியில் நஞ்சு எதுவும் இல்லை. இருக்க வேண்டிய ஒன்று இல்லை.

இதே முடிவுக்கு ஜாவாவிலும் சிலர் வந்திருந்தனர். பத்தாவியா நகரத்துப் படை மருத்துவமனையில் கிறிஸ்தியான் எய்க்மன் என்னும் டச்சு மருத்துவர் வளர்த்த கோழிகள் திடீரெனக் கால் தளர்ந்து விழுந்தன; சில மாதங்கள் கழித்துத் தாமாகவே தேறின. விசாரித்தபோது, கோழிகளுக்கு மருத்துவமனைச் சமையற்கட்டில் மிஞ்சிய வெள்ளைச் சோறு போடப்பட்டு வந்ததும், புதிதாக வந்த சமையற்காரர் படையினர்க்குரிய சோற்றைக் கோழிக்குத் தர மறுத்ததும் தெரிய வந்தன. அந்தச் சமையற்காரரின் கண்டிப்பால் பிற்காலத்தில், 1929ஆம் ஆண்டில், எய்க்மனுக்கு நோபல் பரிசு கிடைத்தது என்றால் மிகையாகாது! எய்க்மனும் முதலில் சோற்றில் ஏதோ நஞ்சு இருப்பதாகவும், தவிடு அதை முறிப்பதாகவுமே எண்ணினார். அவருக்குப் பின் அப்பணியை ஏற்ற கெரித் கிரைன்ஸ் என்பவரே, உடலுக்கு இன்றியமையாத ஒரு பொருள் குறைவதுதான் நோய்க்குக் காரணம் என்று 1901ஆம் ஆண்டில் சொன்னவர். 1912ஆம் ஆண்டில் காசிமிர் பங்க் இத்தகைய பொருள்களுக்கு ‘விட்டமின்’ என்னும் பெயரைச் சூட்டினார். 1926ஆம் ஆண்டில் ஜான்சன், டோனாத் என்னும் இருவர் பத்தாவியாவில் தவிட்டிலிருந்து அச்சத்தைப் படிகமாகப் பிரித்தெடுத்தனர். 1936ஆம் ஆண்டில் அதைச் செயற்கையாக உண்டாக்கிக் காட்டியவர் ராபர்ட் வில்லியம்ஸ் என்னும் அமெரிக்கர். அவர் பிறந்தது அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில், பாதிரிமாரின் பிள்ளை. மணிலாவில் இளம் வேதியியலாளராகப் பணியாற்றியபோது, பெரி பெரியால் சாகக் கிடந்த கைக்குழந்தைகள் தவிட்டுச் சாற்றால் பிழைத்ததைக் கண்ணால் கண்டவர் அவர். அதன்பின் இருபத்தைந்து ஆண்டுகள் அந்த ஒரு பொருளையே துரத்திச் சென்றார். அதுதான் தயமின் எனப்படும் பி1 உயிர்ச்சத்து.

புழுங்கல் அரிசியில் அப்படி என்னதான் நடக்கிறது? நெல்லை உமியோடு ஊறவைத்து, அவித்து, உலர்த்தி, அதன் பிறகே குற்றுகின்றனர். பி1 நீரில் கரையக்கூடியது. ஊறும்போதும் அவியும்போதும் அது தவிட்டுப் படலத்திலிருந்து அரிசியின் உட்பகுதிக்குள் இறங்கிவிடுகிறது. வெந்த மாவுச்சத்து இறுகி அதை உள்ளேயே பிடித்துக்கொள்கிறது. பின்னர் ஆலையில் எவ்வளவு தீட்டினாலும் ஒரு பங்கு உள்ளே நின்றுவிடும். தீட்டாத அரிசி 100 கிராமில் பி1 சத்து ஏறத்தாழ 0.4 மில்லிகிராம், வெள்ளைப் பச்சரிசியில் 0.07, புழுங்கல் அரிசியில் 0.2 அளவு. இந்தச் சிறு வேறுபாடுதான் மேற்குக் கட்டடத்துக்கும் கிழக்குக் கட்டடத்துக்கும் இடையே நின்றது.

முன்னோர்கள் விஞ்ஞானம் அறிந்தே நெல்லைப் புழுக்கினார்கள் என்று மேடைதோறும் பேசப்படுகிறது. அவர்கள் நெல்லைப் புழுக்கியது உமி எளிதாக நீங்கவும், அரிசி நொறுங்காமல் இருக்கவும், பூச்சி அரிக்காமல் நாட்படக் காக்கவுமே. உயிர்ச்சத்து உள்ளே இறங்கியது அவர்களும் அறியாமல் கிடைத்த நன்மை. அதற்காக அவர்கள் பெருமை குறைந்துவிடாது. அதுபோலவே, தோட்டத் தமிழர் நோயின்றி வாழ்ந்தனர் என்றும் எண்ணிவிடக் கூடாது. பெரி பெரி அவர்களைப் பெரும்பாலும் விட்டுவைத்ததே தவிர, மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் விட்டுவைக்கவில்லை. கப்பலேறி வந்தவர்களுள் எத்தனையோ பேர் காடழித்த இடத்திலேயே புதைக்கப்பட்டனர்.

இனி, இச்சத்து உடலுக்குள் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போமாயின், விறகும் தீக்குச்சியும் என்ற உவமை போதும். சோறு, ரொட்டி, சர்க்கரை எல்லாம் விறகு. அவை எரிந்தால்தான் உடலுக்கு ஆற்றல். எரிக்கும் வேலையைச் செய்பவை நொதிகள். அந்நொதிகளுள் சில, பி1 கூட இருந்தால்தான் இயங்கும். விறகை மலைபோலக் குவித்தாலும் தீக்குச்சி இல்லையென்றால் அடுப்பு எரியாது. சோறு மிகுதியாக உண்ணும் ஒருவருக்குப் பி1 மிகுதியாகத் தேவைப்படுவது இதனால்தான். மூளையும் நரம்பும் இதயமும் ஓயாமல் ஆற்றலைச் செலவிடுபவை. எனவே தட்டுப்பாட்டை அவையே முதலில் உணர்கின்றன. ஆண்களுக்கு நாளொன்றுக்கு 1.2 மில்லிகிராம், பெண்களுக்கு 1.1 மில்லிகிராம் போதும். ஆனால் உடலில் உள்ள மொத்த இருப்பே 25 முதல் 30 மில்லிகிராம் வரைதான். வரவு நின்றுபோனால் இரண்டு மூன்று வாரங்களில் இருப்பு வற்றத் தொடங்கிவிடும்.

பி வகையில் மொத்தம் எட்டு உயிர்ச்சத்துகள் உள்ளன. தொடக்கத்தில் ஒன்று என எண்ணியதைப் பிரித்துப் பிரித்து எண் இட்டனர். சில எண்கள் பின்னர் தகுதியில்லை எனக் கழிக்கப்பட்டன. ஆகவேதான் பி4, பி8 என்பவை இன்று பட்டியலில் இல்லை. பி2 குறைந்தால் வாய்க்கோடி வெடிக்கும், நாக்கு சிவந்து எரியும். பாலில் இது நிறைய உண்டு. ஆனால் ஒளி பட்டால் அழிந்துவிடும். பி3 குறைவால் வரும் பெலாக்ரா நோய், சோளமே கதியென்று வாழ்ந்த ஏழை மக்களை அமெரிக்காவிலும் பிற நாடுகளிலும் வாட்டியது. தோல் கருகி வெடிக்கும், வயிறு போகும், இறுதியில் சித்தம் கலங்கும். அதையும் தொற்றுநோய் என்றே பலர் எண்ணியிருந்தனர். பி5 எல்லா உணவிலும் இருப்பதால் குறைவது அரிது. பி6 பற்றி ஒன்று சொல்லலாம். காசநோய்க்குக் கொடுக்கப்படும் ஐசோனியசிட் மருந்து இச்சத்தைக் கெடுப்பதால், மருத்துவர்கள் அதனோடு பி6 மாத்திரையையும் சேர்த்துக் கொடுப்பர். அதைத் தேவையற்றது என்று நிறுத்திவிடலாகாது. மறுபுறம், பெரிய அளவில் பி6 மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்கினால் அதுவே நரம்பைக் கெடுத்துக் காலை மரக்கச் செய்யும். பயோட்டின் எனப்படும் பி7, பச்சை முட்டையின் வெள்ளைக்கருவை ஓயாது குடிப்பவர்க்கே குறையும். எஞ்சியவை பி9, பி12. அவற்றைப் பிறகு பார்க்க வேண்டும். அதற்கு முன் ஜப்பானியர் காலத்தைத் தொடாமல் செல்ல முடியாது.

1942ஆம் ஆண்டு பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. சாங்கியில் சிறைப்பட்ட வீரர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் வெள்ளை அரிசி. சில வாரங்களிலேயே பழைய நோய் திரும்பி வந்தது. சிறைக்குள் இருந்த மருத்துவர்கள் தவிட்டைத் தேடினர்; ஈஸ்ட் வளர்த்தனர்; புல்லையும் இலையையும் அரைத்துச் சாறு இறக்கினர். அவர்களுள் டி வார்டனர், லெனாக்ஸ் என்னும் இருவர், பெரி பெரி மூளையைத் தாக்கும் வகையைக் கூர்ந்து கவனித்து 52 நோயாளிகளைப் பற்றிக் குறிப்பு எழுதினர். அக்குறிப்புகளைத் தகர டப்பாவில் அடைத்து மண்ணில் புதைத்து மறைத்து, போர் முடிந்தபின் எடுத்து, 1947ஆம் ஆண்டில் வெளியிட்டனர். உலக மருத்துவ நூல்களில் அக்கட்டுரை இன்றும் எடுத்துக் காட்டப்படுகிறது.

அதே காலத்தில் சயாம் மரண ரயில் பாதைக்கு இந்நாட்டுத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் கொண்டுசெல்லப்பட்டனர். 415 கிலோமீட்டர் நீளப் பாதை 1943ஆம் ஆண்டு அக்டோபரில் முடிந்தது. காலரா, மலேரியா, சீழ்ப்புண், பெரி பெரி அனைத்தும் அங்கே சேர்ந்து கொன்றன. போர்க்கைதிகளோடு அவர்களுடைய மருத்துவர்களும் இருந்தனர், குறிப்பெழுதினர், டப்பாவில் புதைத்தாவது காத்தனர். தமிழர் முகாம்களுக்கு அப்படி உடன்சென்ற மருத்துவர்கள் இல்லாத நிலை. இன்னார் இன்ன நோயால் இறந்தார் என்று எழுதிவைக்க ஆளில்லாமலேயே அவர்கள் கதை முடிந்தது.

சாங்கியில் கண்ட அந்த மூளை நோய்க்கு வெர்னிக் நோய் என்று பெயர். இது பழங்கதை அன்று. இன்றும் இந்நாட்டில் தமிழ்க் குடும்பங்களில் நிகழ்கிறது, பெயர்தான் தெரியாது. காரணம் சம்சு, கள், பீர், பிராந்தி. குடிப்பவர் சோற்றைக் குறைத்துவிடுகிறார். உண்ட கொஞ்சத்திலும் உள்ள பி1 சத்தைக் குடல் உறிஞ்சவொட்டாமல் மது தடுக்கிறது. கல்லீரல் கெட்டபின் சேமிப்பும் இல்லை. ஒருநாள் அவர் கண்கள் நிலைகொள்ளாமல் ஆடும். கால் அகட்டித் தள்ளாடுவார். இடம் காலம் தெரியாமல் பேசுவார். வீட்டிலுள்ளோர் என்ன நினைப்பர்? “இன்னும் போதை தெளியவில்லை, கிடக்கட்டும்” என்று கதவைச் சாத்திவிடுவர். அவர்களைக் குறை கூறிப் பயனில்லை. பல ஆண்டுகள் பட்ட வேதனை அப்படிச் சொல்ல வைக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் மருத்துவமனைக்குக் கொண்டுசென்று பி1 ஊசி போட்டால் கண்ணின் ஆட்டம் சில மணி நேரத்திலேயே நின்றுவிடுவது உண்டு. ஓரிரு நாள் தாமதித்தால் உயிரே போகலாம். உயிர் தங்கினாலும் நினைவு தங்காது. காலையில் வந்த மகளை மாலையில் வந்ததாகவும், வராத தம்பியை வந்ததாகவும் கூறிக்கொண்டு எஞ்சிய காலத்தைக் கழிப்பார். பொய் சொல்கிறார் என்று மற்றவர்கள் சினந்துகொள்வர். அவர் பொய் சொல்லவில்லை. நினைவில் விழுந்த ஓட்டையை மூளை தானாகவே அடைத்துக்கொள்கிறது. மற்றொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது: மயங்கிக் கிடக்கும் குடிகாரருக்குச் சர்க்கரை நீரை மட்டும் ஏற்றினால், இருக்கும் சிறிதளவு பி1 சத்தும் அதை எரிப்பதற்கே செலவாகி நோய் முற்றும். ஆகவே அவர் குடிப்பவர் என்பதையும், பல நாளாகச் சரியாக உண்ணவில்லை என்பதையும் வெட்கப்படாமல் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மானம் கருதி மறைப்பதால் போவது அவர் உயிர்.

குடிக்காத வீட்டிலும் பி1 குறைவு வரலாம். பிள்ளை பெற்ற தாய்க்குப் பத்தியம் என்ற பெயரில் வெறும் வெள்ளைச் சோறும் உப்பும் கொடுத்துவிட்டு மற்றவற்றை விலக்கும் வழக்கம் தென்கிழக்காசிய நாடுகள் பலவற்றில் உண்டு. தாய் நன்றாகவே தோன்றுவார். தாய்ப்பாலில் சத்து இராது. இரண்டு மூன்று மாதக் குழந்தை குரல் கம்மி, ஒலியில்லாமல் அழுது, மூச்சுத் திணறி இறந்துவிடும். பர்மாவிலும் லாவோசிலும் அண்மைக்காலம் வரை இது பதிவாகியுள்ளது. தமிழர் பத்தியத்தில் பூண்டும் மீனும் இடம்பெறுவது நல்லதே. பத்தியத்தைக் கடுமையாக்குகிறோம் என்று பருப்பையும் காயையும் விலக்கும் பாட்டிமார்கள்தாம் சற்றுச் சிந்திக்க வேண்டும்.

பி9 எனப்படும் போலேட் சத்தின் கதையிலும் இந்தியாவுக்குப் பங்குண்டு. 1928ஆம் ஆண்டில் லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவப் பெண்மணி பம்பாய்க்கு வந்து, நெசவாலைகளில் வேலை செய்த கருவுற்ற பெண்களைச் சாகடித்துவந்த கடும் இரத்தசோகையை ஆராய்ந்தார். நீலகிரி மாவட்டத்துக் குன்னூர் ஆய்வுக்கூடத்திலும் சிலகாலம் பணியாற்றினார். அவரும் முதலில் கிருமியைத்தான் தேடினார்! பிறகே உணவின் பக்கம் திரும்பினார். விலை மலிந்த மார்மைட் என்னும் ஈஸ்ட் பிசின் அந்நோயைக் குணமாக்கியதைக் கண்டார். இன்று இந்நாட்டில் கஞ்சியில் கலந்து உண்ணும் அதே மார்மைட்தான். அதிலிருந்த பொருள் போலேட் என்பது பிற்பாடு தெரிந்தது. 1941ஆம் ஆண்டில் பசலை இனக் கீரையிலிருந்து பிரித்ததால், இலை என்னும் பொருள்படும் இலத்தீன் சொல்லால் அதற்குப் பெயரிட்டனர். இச்சத்து குறைந்தால் குழந்தையின் தண்டுவடம் மூடாமல் பிறக்கக்கூடும் என்பது 1991ஆம் ஆண்டில் வெளியான பிரிட்டிஷ் ஆய்வால் உறுதிப்பட்டது. தண்டுவடம் மூடும் வேலை கருவுற்ற நான்கு வாரத்திற்குள் முடிந்துவிடும். பல பெண்கள் கருவுற்றதையே அதற்குள் அறியார். எனவே நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் போலிக் அமில மாத்திரையைக் கருவுறுவதற்கு முன்பே தொடங்க வேண்டும். திருமணத்திற்குச் சேலையும் நகையும் எடுத்துக் கொடுக்கும் வீட்டார் இம்மாத்திரையையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். விலை மிகக் குறைவு.

இறுதியாகப் பி12. சைவ உணவு உண்போர் இதனைச் சற்றுக் கவனமாகக் கேட்க வேண்டும். அரிசியிலோ பருப்பிலோ கீரையிலோ பழத்திலோ பி12 இல்லை. அதை நுண்ணுயிர்களே உண்டாக்குகின்றன. விலங்குகளின் உடலில் சேர்கிறது. இறைச்சி, மீன், முட்டை, பால், தயிர் ஆகியவற்றிலிருந்தே மனிதருக்குக் கிடைக்கிறது. இட்லி மாவு புளிப்பதால் பி12 கிடைக்கும் என்றும், தெம்பேயில் உண்டு என்றும், சுருள்பாசி மாத்திரையில் உண்டு என்றும் சொல்வர். இவற்றை நம்பி இருக்க முடியாது. பாசியில் இருப்பதில் பெரும்பகுதி உடலுக்குப் பயன்படாத போலி வகை. பாலும் தயிரும் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளும் சைவருக்கு அச்சம் குறைவு. மூப்பில் பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று காப்பியையும் கறுப்பாக்கிக்கொண்டவர்க்கே கேடு. முதுமையில் வயிற்று அமிலம் சுரப்பது குறைவதால், உணவில் உள்ள பி12 பிரிந்து உடலில் சேர்வதும் குறைகிறது.

இதில் வஞ்சகம் என்னவென்றால், பி1 போல் வாரக்கணக்கில் இது தீர்ந்துவிடுவதில்லை. கல்லீரலில் பல ஆண்டுக்குப் போதுமான இருப்பு உள்ளது. நாளொன்றுக்கு 2.4 மைக்ரோகிராமே தேவை; கண்ணுக்குத் தெரியாத அளவு. ஆகவே வரவு நின்று ஆண்டுகள் கழிந்தபின்பே குறை வெளிப்படும். சோர்வு, நாக்கு எரிச்சல், இரத்தசோகை, கால் விரல்களில் ஊசி குத்துவது போன்ற உணர்வு, இருட்டில் நடக்கும்போது தடுமாற்றம், மறதி. இவற்றை எல்லாம் வயதின் மேல் போட்டுவிடுவது எளிது. இரத்தசோகைக்கு என்று கடையில் போலிக் அமிலத்தை மட்டும் வாங்கி விழுங்குவோரும் உண்டு. அது இரத்தத்தைச் சீராக்கிவிடும். நரம்பின் அழிவை நிறுத்தாது. இரத்தம் சரியாகிவிட்டதே என்று இருக்கும்போது தண்டுவடம் உள்ளே தேய்ந்துகொண்டிருக்கும்.

நீரிழிவு நோய் இந்நாட்டுத் தமிழரிடையே எவ்வளவு பரவியுள்ளது என்பதைச் சொல்லத் தேவையில்லை. நீரிழிவுக்குப் பெரும்பாலும் முதலில் தரப்படும் மெட்போர்மின் மாத்திரை நல்ல மருந்து. ஆனால் ஆண்டுக்கணக்கில் உண்பவர்களுள் ஒரு பகுதியினருக்குப் பி12 உறிஞ்சப்படுவதை அது குறைக்கிறது. அவர் சைவராகவும் முதியவராகவும் இருந்தால் மூன்று காரணங்கள் ஓரிடத்தில் கூடிவிடுகின்றன. அவருக்குக் கால் மரத்துப்போனால், “சர்க்கரை முற்றிவிட்டது” என்று அவரும் சொல்வார், வீட்டாரும் சொல்வர். அது மெய்யாகவும் இருக்கலாம். சர்க்கரையும் நரம்பைக் கெடுக்கும். ஆனால் பாதி மரப்பு பி12 குறைவால் வந்திருந்தால், அந்தப் பாதியைத் தீர்க்க வழியுண்டு. காலம் கடந்தால் அதுவும் மீளாது. மெட்போர்மினைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. அடுத்த முறை மருத்துவரைக் காணச் செல்லும்போது, பி12 அளவையும் பார்க்கும்படி கேட்டால் போதும். சாதாரண இரத்தச் சோதனைதான். குறைவு என்று தெரிந்தால் ஊசியோ மாத்திரையோ தருவர்.

சமையலைப் பற்றித் தாய்மார்கள் கேட்கக்கூடும் என்பதால் ஒரு சொல். அரிசியை மூன்று நான்கு முறை கசக்கிக் கழுவுவதால் பி1 நீரோடு போய்விடும். ஒருமுறை அலசினால் போதும். வடித்த கஞ்சியைக் கொட்டுவதும் அப்படியே. மின்சாரச் சோற்றுப் பானை வந்தபின் கஞ்சி வடிக்கும் வேலை நின்றது நல்லதுதான். ஆனால் அப்பானைக்குள் இன்று வேகுவது வெள்ளை வெளேரென்ற சயாம் பச்சரிசி. புழுங்கல் அரிசி இட்லி மாவுக்கு மட்டும் என்று பல வீடுகளில் ஒதுக்கப்பட்டுவிட்டது. அதைச் சோறாக்கினால் மணம் வீசுகிறது, நிறம் மங்கல், விருந்தினர்க்கு வைக்க முடியாது என்பது இளையோர் கூறும் குறை. பருப்பு, முட்டை, மீன், காய் என்று பல பொருளும் உண்பவர்க்கு வெள்ளைச் சோற்றால் மட்டும் பெரி பெரி வந்துவிடாது, அது உண்மை. வெறுஞ்சோற்றையும் ஒரு குழம்பையும் கொண்டு நாளைக் கழிக்கும் தனித்து வாழும் முதியவர்க்கும், சோற்றைத் தொடாமல் போத்தலைத் தொடுபவர்க்கும்தான் அந்த மங்கல் நிறம் வேண்டியிருக்கிறது.